முதல் பறப்புக்கு முன் ஒரு சக்கரத்தை அனுப்பிப் பாருங்கள்

பெறுநர்: பொருளாதாரத் தடைகள் தளர்ந்தபின் நேரடி விமானச் சேவையை மீண்டும் தொடங்க முனையும் இரு நாட்டு அரசுகளின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையங்கள், நிதி அமைச்சகங்கள், சுங்கத் துறைகள்.

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

தடை நீங்கியதும் முதலில் குறிக்கப்படுவது தேதிதான். எந்த நகரத்திலிருந்து எந்த நகரத்துக்கு, எந்த நிறுவனம், முதல் விமானத்தில் யார் யார் ஏறுவார்கள், தீயணைப்பு வண்டிகள் எந்தப் பக்கம் நின்று தண்ணீர் பீய்ச்சும் என்பது வரை பேசி முடித்துவிடுகிறீர்கள். விமானப் பராமரிப்பிலும் இயக்கக் கட்டுப்பாட்டு அறையிலும் தரைப்பணியிலும் வேலை செய்கிற எங்களுக்கு அந்த விழா மீது வருத்தம் ஒன்றுமில்லை. அங்கே போய்ப் பழுதாகி நிற்கப்போகும் விமானம் எப்படித் திரும்பும் என்பதுதான் எங்கள் கவலை. அதற்கு எழுத்தில் பதில் தராமல் தேதியை அறிவிக்காதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

பழுது வரும். அதில் சந்தேகமே வேண்டாம். இன்றைய ஜெட் விமானங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறைக்கு மேல் தொழில்நுட்பத் தடங்கல் இல்லாமல் புறப்படுகின்றன என்று பெருமையாகச் சொல்கிறோம். தினம் ஒரு விமானம் என்று வைத்துக்கொண்டால், மிச்சமிருக்கும் அந்தச் சின்னப் பங்கே வருடத்தில் இரண்டு மூன்று முறை ஆகிவிடும். மற்ற தடங்களில் அது சில மணி நேரத் தாமதம். தடையிலிருந்து இப்போதுதான் வெளிவரும் தடத்தில் அது எவ்வளவு நீளும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது.

2018 டிசம்பர் 14 அன்று துபாயிலிருந்து ஆஸ்லோவுக்குப் போய்க்கொண்டிருந்த நார்வீஜியன் நிறுவனத்தின் போயிங் 737 மேக்ஸ் 8, என்ஜின் கோளாறால் ஈரானின் ஷிராஸில் இறங்கியது. பயணிகளை மறுநாளே வேறு விமானம் வந்து அழைத்துப் போய்விட்டது. இறங்கிய விமானம் 2019 பிப்ரவரி 22 வரை அங்கேயே நின்றது. பத்து வாரம். இத்தனைக்கும் அந்த நிறுவனம் ஈரானுக்குச் சேவை நடத்தவே இல்லை. அந்த வான்வெளியைக் கடந்துபோனது, அவ்வளவுதான். அமெரிக்கத் தடைகள் முழுமையாகத் திரும்பிவந்து ஒன்றரை மாதம்கூட ஆகாத நேரம் அது. அமெரிக்கத் தயாரிப்பான உதிரிபாகத்தை ஈரானுக்குள் கொண்டுபோக அனுமதி தேவைப்பட்டது. பாகத்தை மாற்றும் வேலையைவிட அந்த அனுமதிக்கான காத்திருப்பே நீண்டது.

இன்னொன்று எரிபொருள் பற்றியது. 2022 ஜூனில் வெனிசுவேலாவின் எம்ட்ராசூர் நிறுவனத்துச் சரக்கு விமானம், ஒரு பழைய போயிங் 747, அர்ஜென்டினாவில் இறங்கியது. முன்பு ஈரானின் மஹான் ஏர் வைத்திருந்த விமானம் என்பதால், அமெரிக்கத் தடைக்கு அஞ்சி எரிபொருள் நிறுவனங்கள் அதற்கு ஊற்ற மறுத்தன. உருகுவேக்குப் போய் நிரப்பிக்கொள்ளலாம் என்று கிளம்பியது. உருகுவே உள்ளே விடவில்லை. திரும்பி வந்து நின்றது நின்றதுதான். 2024 பிப்ரவரியில் அமெரிக்கா அதைக் கைப்பற்றி ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோனது, பிறகு உடைத்துப் போட்டார்கள். அந்த விமானத்தின் கதையில் வேறு வழக்குகளும் கலந்திருக்கின்றன. எங்களுக்கு அதில் முக்கியம் ஒன்றே: ஒரு விமானத்தைத் தரையில் கட்டிப்போட அரசு ஆணை தேவையில்லை, எரிபொருள் நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்குப் பயம் வந்தாலே போதும்.

இதெல்லாம் தடை இருந்தபோது நடந்தது, நாங்கள்தான் நீக்கிவிட்டோமே என்பீர்கள். தடை என்பது ஒரே பூட்டு அல்ல. பறக்கும் உரிமையை விமானப் போக்குவரத்துத் துறை தருகிறது. விமானமும் அதன் பாகங்களும் எல்லை தாண்டுவது ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் துறையின் கையில். பணம் போய்வருவது நிதித் துறையின் கையில். முதல் துறை கையெழுத்திட்ட அன்று மற்ற இரண்டும் பெரும்பாலும் பழைய விதிகளிலேயே இருக்கும். அமெரிக்காவும் கியூபாவும் 2016 பிப்ரவரி 16 அன்று ஹவானாவில் ஒப்புக்கொண்ட ஏற்பாடு அப்படிப்பட்டதுதான். வர்த்தகத் தடை அப்படியே இருக்க, வழமையான விமானச் சேவை மட்டும் திறந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து சான்டா கிளாராவுக்கு ஜெட்ப்ளூ விமானம் பறந்தது. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பிறகு அதுவே முதல் வழமைச் சேவை.

அந்தச் சேவையில் விமானம் கியூபாவுக்குள் போவதே சட்டப்படி ஒரு 'தற்காலிக ஏற்றுமதி'. அதற்குத் தரப்பட்ட விலக்கில் விமானம் தொடர்ந்து ஏழு நாள் வரை அங்கே இருக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். காலையில் போய் மாலையில் திரும்பும் விமானத்துக்கு ஏழு நாள் தாராளம். என்ஜின் மாற்ற வேண்டிய விமானத்துக்கு? எட்டாவது நாள் விடியும்போது, நகர முடியாமல் நிற்கும் அந்த விமானமே அனுமதியில்லாத ஏற்றுமதியாகிவிடும். அதைச் சரிசெய்ய வரும் என்ஜின் ஒரு தனி ஏற்றுமதி. கழற்றிய பழைய என்ஜின் திரும்பி வருவது ஓர் இறக்குமதி. பொறியாளரின் மடிக்கணினியும் அதிலிருக்கும் பராமரிப்புக் கையேடும் தொழில்நுட்ப ஏற்றுமதி. விமானம் அமெரிக்காவில் செய்ததாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. அந்த நாட்டுச் சட்டப்படி, கடுந்தடைப் பட்டியலில் உள்ள நாடுகளுக்குப் போகும் பொருளின் மதிப்பில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட அமெரிக்கப் பாகங்கள் 10 சதவீதத்தைத் தாண்டினாலே விதி பாயும். ஏர்பஸ் விமானங்களும் தப்பாது.

ஆகவே நாங்கள் கேட்கும் முதல் ஏற்பாடு இது. சேவை உரிமம் எழுதும்போதே, பழுதான விமானத்தை மீட்பதற்கான எல்லாவற்றையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்: மாற்றுப் பாகம், கழற்றிய பாகம், கருவி, கையேடு, பொறியாளர், அவற்றை ஏற்றிவரும் மீட்பு விமானம். தங்கும் நாள் வரம்பு இருந்தால், 'விமானம் பறக்கத் தகுதி பெறும் வரை' என்று ஒரு விலக்கு வேண்டும். தனித்தனியாக விண்ணப்பம் போடச் சொன்னால், ஒவ்வொரு விண்ணப்பமும் அலுவலக நேரத்தில் தூங்கி, வார விடுமுறையில் குறட்டை விடும்.

இனி எது பழுதாகும் என்று சொல்கிறோம், ஏனென்றால் பெரிய பழுதை மட்டுமே எல்லாரும் நினைக்கிறார்கள். அடிக்கடி மாட்டுவது சக்கரம். பராமரிப்பு குறைந்த ஓடுபாதையில் கிடக்கும் ஒரு கல்லோ இரும்புத் துண்டோ டயரைக் கீறிவிடும். இறங்கியதும் சுற்றிப்பார்க்கும் பொறியாளர் கீறலின் ஆழத்தை அளப்பார். வரம்பைத் தாண்டியிருந்தால் சக்கரத்தை மாற்றாமல் புறப்பட முடியாது. மாற்றுவது ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. அதற்கு வேண்டியவை: அந்த வகைக்கு உரிய சக்கரம், அச்சைத் தூக்கும் ஜாக்கி, முறுக்கு அளவு காட்டும் ஸ்பானர், சுமார் 200 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு நிரப்ப நைட்ரஜன் உருளை, கடைசியாகக் கையெழுத்துப் போடத் தகுதியுள்ள பொறியாளர். ஐந்தில் எது இல்லாவிட்டாலும் விமானம் அங்கேதான் இரவு தங்கும். கையெழுத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். உள்ளூரில் நல்ல மெக்கானிக்குகள் இருப்பார்கள், பல பத்தாண்டு பாகமே கிடைக்காமல் விமானம் ஓட்டியவர்கள், கைத்திறனில் குறைசொல்ல முடியாது. ஆனால் விமானம் எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாட்டு ஆணையம் ஏற்றுக்கொண்ட உரிமமும், அந்த விமான வகைக்கான பயிற்சிச் சான்றும் அவர்களிடம் இருக்காது. தடைக் காலத்தில் யாரும் அவர்களுக்குப் பயிற்சி தரவில்லை. முதல் ஆறு மாதமாவது ஒவ்வொரு விமானத்திலும் ஒரு பொறியாளர் கூடவே பறக்க வேண்டும். அவருக்கு விமானப் பணியாளருக்கு உரிய நுழைவு அனுமதி வேண்டும். சுற்றுலா விசாவில் வந்தவர் விமானம் நிற்கும் இடத்தில் வேலை செய்ய முடியாது.

அடுத்தது ஏ.பி.யு., அதாவது வாலில் இருக்கும் துணை என்ஜின். அது கெட்டால் விமானம் பறக்கத் தடையில்லை. எந்தக் கருவி கெட்டிருந்தாலும் பறக்கலாம் என்று சொல்லும் குறைந்தபட்சக் கருவிப் பட்டியல்படி, வழக்கமாக பத்து நாள் வரை அப்படியே ஓட்டலாம். ஆனால் தரையில் நிற்கும்போது மின்சாரத்துக்கு 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் தரும் தரை ஜெனரேட்டரும், என்ஜினைச் சுழற்றி எழுப்ப அழுத்தக் காற்று தரும் வண்டியும் வேண்டும். வண்டி இருக்கிறது என்று விமான நிலையம் எழுதிக் கொடுக்கும். இருக்கும்தான். கடைசியாக எப்போது ஓடியது, குழாயின் முனை இந்த விமானத்தில் பொருந்துகிறதா, அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று கேட்டால் மௌனம். ஏ.பி.யு. இல்லாமல் இறங்கி, அங்கே காற்று வண்டியும் ஓடாவிட்டால், நல்ல என்ஜின் இரண்டும் இருந்தும் விமானம் எழும்பாது. ஆகவே ஏ.பி.யு. பழுதான விமானத்தை இந்தத் தடத்துக்கு ஒதுக்கவே கூடாது என்று நிறுவனங்கள் தங்கள் கட்டுப்பாட்டு அறை விதியில் எழுதிவைக்க வேண்டும். பட்டியல் அனுமதிக்கிறது என்பது இங்கே காரணமாகாது.

பின்னோக்கித் தள்ளும் இழுவைத் தண்டு, டோ பார், இன்னும் சில்லறை விஷயம். போயிங் 737-க்கு உள்ள தலை ஏர்பஸ் ஏ320-க்குப் பொருந்தாது. அதில் ஒரு முறிஊசி இருக்கும். அளவுக்கு மீறி விசை வந்தால் விமானத்தின் முன்சக்கரத்தைக் காப்பாற்ற அது தானே ஒடிந்துபோகும். மாற்று ஊசி இல்லாத இடங்களில் கைக்குக் கிடைத்த போல்ட்டைச் செருகிவிடுகிறார்கள். அதன்பிறகு விசை கூடினால் ஒடிவது முன்சக்கரக் கால். தண்டையும் ஒரு பை நிறைய ஊசிகளையும் விமான நிறுவனமே முன்கூட்டி அனுப்பிவிடுவது நல்லது.

பெரிய பழுது என்றால் என்ஜின் மாற்றம். இந்த அளவு விமானங்களில் பரவலாக உள்ள சி.எஃப்.எம்.56 என்ஜின் சுமார் 2,400 கிலோ. தாங்கியோடு சேர்த்தால் இன்னும் கூடும். பயணிகள் ஜெட்டின் அடிவயிற்றுச் சரக்கறையில் அது ஏறாது, சரக்கு விமானம் வேண்டும். அந்தச் சரக்கு விமானத்துக்கு இறங்கும் அனுமதி வேண்டும், அது வேறு நாட்டு நிறுவனமாக இருந்தால் அதன் காப்பீட்டாளரும் அதைக் குத்தகைக்கு விட்டவரும் சம்மதிக்க வேண்டும். இங்கேதான் நாள்கள் வாரங்களாகின்றன. மீட்புக்கு வரும் விமானத்துக்கு இரு நாடுகளும் ஒருமுறை பொது அனுமதி கொடுத்து, வருகையை நான்கு மணி நேரம் முன்னால் தெரிவித்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுங்கத் துறைக்குத் தனியாக ஒரு வார்த்தை. சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான 1944-இன் சிகாகோ ஒப்பந்தத்தில் 24-ஆம் பிரிவு உங்களுக்குத் தெரிந்ததே. வந்திறங்கும் விமானத்திலேயே இருக்கும் எரிபொருள், எண்ணெய், உதிரிபாகங்களுக்குத் தீர்வை கிடையாது. சர்வதேசப் பறப்பில் உள்ள விமானத்தில் பொருத்துவதற்காகக் கொண்டுவரும் பாகங்களுக்கும் விலக்கு உண்டு, சுங்கக் கண்காணிப்பு விதிகளுக்கு உட்பட்டு. காகிதத்தில் சிக்கலே இல்லை. கிடங்கு வாசலில் நிற்கும் காவலருக்கு அது தெரியாது என்பதுதான் சிக்கல். பல ஆண்டுகளாக அந்தப் பக்கத்துப் பொருள் எதுவும் வந்திராத நிலையத்தில், அந்த நாட்டின் முத்திரை குத்திய பெட்டியைக் கண்டதும் ஓரமாக வைத்துவிட்டு மேலிடத்தைக் கேட்பது மனித இயல்பு.

அதனால்தான் சொல்கிறோம்: டிக்கெட் விற்பனை தொடங்குவதற்கு முன் ஒரே ஒரு சக்கரத்தை அனுப்பிப் பாருங்கள். உண்மையான சக்கரம், உண்மையான சான்றிதழோடு. வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு இந்தப் பக்கத்துக் கிடங்கிலிருந்து கிளம்பட்டும். ஏற்றுமதி ஆவணம் யார் எழுதினார், எந்த விமானம் ஏற்றியது, அங்கே எத்தனை மணிக்கு இறங்கியது, சுங்கம் எத்தனை மணிக்கு விட்டது, விமானம் நிற்கும் இடத்துக்கு எப்போது வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் குறியுங்கள். பிறகு அதே சக்கரத்தைப் பழுதான பாகம் என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். திரும்பும் பயணம்தான் கடினம். 'தடைக்கு உள்ளான நாட்டிலிருந்து இறக்குமதி' என்று பெட்டியை இந்தப் பக்கத்துச் சுங்கம் நிறுத்தும். போய்ச்சேர 24 மணி நேரத்துக்கு மேலானால் சேவை தொடங்கத் தயாரில்லை என்று பொருள். எங்கே நின்றதோ அந்த மேசையைச் சரிசெய்துவிட்டு இன்னொரு வெள்ளிக்கிழமை மறுபடி அனுப்புங்கள்.

இது ஒரு பக்கம் இருக்க, தினசரிப் பாகங்களை அங்கேயே ஒரு சீல் வைத்த அறையில் இருப்பு வைக்க அனுமதி கொடுங்கள். முன்சக்கரம் ஒன்று, பிரதான சக்கரம் இரண்டு, பிரேக் ஒன்று, என்ஜின் எண்ணெய், ஹைட்ராலிக் திரவம், விளக்குகள், வடிகட்டிகள், இவ்வளவு போதும். இருப்புப் பட்டியல் இரு நாட்டுச் சுங்கத்திடமும் இருக்கட்டும். மாதம் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

எரிபொருளைப் பற்றி நிறுவனங்கள் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: 'திரும்பிவரவும் சேர்த்து இங்கேயே நிரப்பிக்கொள்வோம்.' இரண்டு மணி நேரப் பறப்புக்குக் கணக்குப் போடுவோம். ஏ320 வெறும் எடை ஏறக்குறைய 42.5 டன், பெட்டியோடு 180 பயணிகள் 18 டன், ஆக 60.5. திரும்பும் பயணத்துக்கு ஏறத்தாழ 5 டன், கையிருப்பு 2.5 டன். இறங்கும்போது 68 டன். தரையிறங்கும் எடை வரம்போ சுமார் 66. இரண்டு டன்னைக் குறைக்க இருபது பயணிகளை இறக்கிவிட வேண்டும், அல்லது எல்லாருடைய பெட்டிகளையும் பின்னால் விட்டுவர வேண்டும். பல ஆண்டுகள் பிரிந்திருந்த குடும்பங்கள் போய்வரும் தடத்தில் பெட்டிகள்தான் கனக்கும். ஆகவே குறுகிய தடங்களைத் தவிர, அங்கே நிரப்பித்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் தொட்டியிலிருந்தே தொடங்குங்கள். போக்குவரத்து குறைந்த நிலையத்தில் ஜெட் ஏ-1 என்ற விமான எரிபொருள் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். அடியில் நீர் சேரும், நீரும் எரிபொருளும் சேரும் கோட்டில் நுண்ணுயிர் வளரும், அது போய் வடிகட்டியை அடைக்கும். தரம் அறிந்த ஆய்வகத்தில் முழுச் சோதனை நடத்தி, சான்றிதழை விமான நிறுவனத்துக்கு நேரடியாகக் கொடுங்கள். அதன்பின் ஒவ்வொரு பவுசரிலிருந்தும், அதாவது எரிபொருள் வண்டியிலிருந்தும், மாதிரி எடுத்துத் தெளிவைப் பார்ப்பதும், நீர் காட்டும் காப்ஸ்யூலைப் பொருத்தி நிறம் மாறுகிறதா என்று பார்ப்பதும் அன்றாட வேலை. ஊற்றுகிற நிறுவனம் தடைப் பட்டியலில் உள்ள யாருக்காவது பாதிப் பங்கோ அதற்கு மேலோ சொந்தமா என்பதையும் அப்போதே தீர்த்துவிடுங்கள். உரிமத்தில் 'விமானச் சேவைக்கு வழக்கமாகத் தேவைப்படும் செலவுகள்' என்று பொதுவாக எழுதினால் வங்கிக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். எரிபொருள், தரையிறங்கும் கட்டணம், நிறுத்துமிடம், வழிகாட்டுக் கட்டணம், தரைப்பணி, உணவு, பணியாளர் விடுதி என்று பெயர் சொல்லி எழுத வேண்டும்.

பணம் பற்றி நிதி அமைச்சகங்களுக்கு. சட்டப்படி அனுமதித்த பணத்தையும் வங்கிகள் அனுப்ப மறுப்பது இந்தத் தடங்களில் புதிதல்ல. சில நூறு டாலர் தரைப்பணிக் கட்டணத்துக்காகப் பெரிய அபராதத்தின் ஆபத்தை எந்த வங்கியும் தலையில் ஏற்றிக்கொள்ளாது. நாட்டுக்கு ஒன்றாக, இரண்டு வங்கிகளைப் பெயர் குறித்து அறிவித்து, விமானச் சேவைக் கணக்கு ஒன்றை அவற்றில் திறந்து, அந்தக் கணக்கின் பரிமாற்றங்களுக்கு எழுத்தில் பாதுகாப்புக் கொடுங்கள். அங்கே விற்கும் டிக்கெட் பணத்தையும் அங்கே கட்டவேண்டிய கட்டணத்தையும் முதலில் ஒன்றுக்கொன்று கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் மாதம் ஒருமுறை அனுப்பினால் போதும். அந்த மிச்சத்தை அந்நியச் செலாவணியாக மாற்றித் தர ஒரு கெடுவும் வேண்டும். வெனிசுவேலாவில் விமான நிறுவனங்களின் 380 கோடி டாலர் இப்படித்தான் முடங்கியது. லுஃப்தான்சா போன்றவை சேவையையே நிறுத்தின. கியூபாவுக்குப் பறந்தபோது அமெரிக்க வங்கி அட்டைகள் பெரும்பாலும் அங்கே செல்லவில்லை. சின்ன விஷயமாகத் தெரியும். பழுதான விமானத்தின் 180 பயணிகளுக்கு இரவு பதினோரு மணிக்கு விடுதி பிடிக்கவேண்டிய நிலைய மேலாளரைக் கேட்டுப் பாருங்கள்.

காப்பீட்டில் தலைப்பைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடக்கூடாது. விமானத்தின் பொதுக் காப்பீட்டில் ஏ.வி.என்.48பி என்ற விதி போர், பறிமுதல், கடத்தல் போன்றவற்றை விலக்கிவிடும். அவற்றுக்கும் காப்பு வேண்டுமானால் தனிப் போர் ஆபத்துக் காப்பீடு வாங்க வேண்டும். அதில் விலக்கப்பட்ட நாடுகளின் பட்டியல் ஒன்று ஒட்டியிருக்கும், தடை நீங்கிய நாடு அந்தப் பட்டியலிலிருந்து தானாக நீங்கிவிடாது. ஏழு நாள் அறிவிப்பில் காப்பீட்டாளர் இதை ரத்து செய்யவும் முடியும். ஏ.வி.என்.111 என்ற இன்னொரு விதியோ, இழப்பீடு தருவது தடையை மீறுமானால் தர மாட்டோம் என்கிறது. விமானம் குத்தகை என்றால், போகக்கூடாத நாடுகள் என்று குத்தகை ஒப்பந்தத்திலும் ஒரு பட்டியல் இருக்கும். 2022-இல் நானூறுக்கும் மேற்பட்ட வெளிநாட்டுக் குத்தகை விமானங்கள் ரஷ்யாவில் மாட்டிக்கொண்டதிலிருந்து குத்தகை நிறுவனங்கள் இந்தப் பட்டியலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கின்றன. அவர்களின் எழுத்துச் சம்மதம் வரும்வரை எந்த விமானத்தையும் இந்தத் தடத்துக்கு ஒதுக்க வேண்டாம்.

தடைக்கு உள்ளான நாட்டின் விமானங்களுக்கு இதற்கு நேர்மாறான ஆபத்து. அந்த அரசுக்கு எதிராக மற்ற நாட்டு நீதிமன்றங்களில் பழைய தீர்ப்புகள் நிலுவையில் இருக்கும். அதன் விமானம் இறங்கிய உடனே கடன்காரர் ஜப்தி ஆணையோடு வந்துவிடலாம். கடத்தப்பட்டு ஃபுளோரிடாவில் இறங்கிய கியூப அரசு விமானம் ஒன்று, அப்படி ஒரு தீர்ப்பின் பாக்கிக்காக ஏலத்தில் போனது. 2016 ஏற்பாடு இரு பக்கத்துக்கும் உரிமை தந்தும் வழமைச் சேவையில் பறந்தவை அமெரிக்க நிறுவனங்களே. இரு பக்கமும் பறக்க வேண்டும் என்று உண்மையில் நினைத்தால், ஜப்தியிலிருந்து விமானத்துக்குப் பாதுகாப்பு எந்தச் சட்டத்தின் கீழ் என்று சொல்லுங்கள். முடியாதென்றால் மூன்றாம் நாட்டு நிறுவனத்திடம் விமானத்தைப் பணியாளரோடு வாடகைக்கு எடுப்பது ஒரு வழி.

விமான நிலையத்தைப் பற்றி இரண்டே விஷயம். தீயணைப்புத் தரநிலை விமானத்தின் நீளத்தைப் பொறுத்தது: ஏ320-க்கு 6, ஏ321-க்கு 7, ஏ330-300-க்கு 9. ஆறிலிருந்து ஏழுக்குப் போனாலே, நடுத்தரத் திறன் நுரைக்கு வேண்டிய நீர் 7,900 லிட்டரிலிருந்து 12,100 ஆகிறது. அறிவித்த தரநிலைக்கு வண்டி இருக்கிறதா, எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் கிளம்புமா என்று நேரில் பாருங்கள். அடுத்து, ஓடுபாதைத் தகவல்கள். அவை 28 நாள் சுழற்சியில் புதுப்பிக்கப்பட்டு விமானத்தின் கணினிக்குப் போகின்றன. ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்காத தகவலில், கட்டடம், கோபுரம் போன்ற இடையூறுகளின் இடமும் உயரமும் பழையவை. மறு அளவீடு செய்து, தரையிறங்கு கருவிகளைப் பறந்து சோதித்து, குறைந்தது இரண்டு சுழற்சிக்கு முன்பே வெளியிட்டுவிடுங்கள்.

எத்தனை விமானம் என்பதில் பேராசை வேண்டாம். 2016-இல் ஹவானாவுக்கு நாளுக்கு 20, மற்ற ஒன்பது விமான நிலையங்களுக்கும் தலா 10 என்று நாளுக்கு 110 போய்வரும் சேவைகளுக்கு இடம் திறந்தார்கள். இருக்கைகள் பெருகின, பயணிகள் அந்த அளவுக்கு வரவில்லை. 2017-இலேயே சில்வர், ஃப்ரண்டியர், ஸ்பிரிட் ஆகிய விமான நிறுவனங்கள் விலகின. 2018 தொடக்கத்தில் அலாஸ்கா ஏர்லைன்ஸும். வாரத்துக்கு மூன்று, எல்லாம் பகலில் போய்ப் பகலில் திரும்புபவை, ஒரே விமான வகை, இப்படித் தொடங்குங்கள். பகலில் போனால், பழுது தெரிந்த நேரத்தில் இரு பக்க அலுவலகங்களும் திறந்திருக்கும். வாரம் மூன்று என்றால், மாட்டிய பயணிகளைத் தூக்கிவர மாற்று விமானத்துக்கு நேரம் இருக்கும். ஒரே வகை என்றால் அங்கே இருப்பு வைத்த ஒரு சக்கரம் எல்லா விமானத்துக்கும் பொருந்தும்.

டிக்கெட்டில் ஒரு சட்டப் புள்ளி. விமானப் பயணிகளுக்கான இழப்பீட்டை வகுக்கும் 1999 மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ஒன்று மட்டும் சேர்ந்திருந்தால், ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் இருவருக்கு இழப்பீட்டு விதி வேறுவேறாகும். ஒருவர் இந்தப் பக்கத்திலிருந்து போய்வரும் டிக்கெட் வாங்கியவர், மற்றவர் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவழி டிக்கெட் வாங்கியவர் என்பதே காரணம்.

கடைசியாக, நிறுத்தும் விதி. திறக்கும் விதியை நூறு பக்கத்தில் எழுதுகிறீர்கள், நிறுத்துவது ஓர் அறிக்கையில் முடிந்துவிடுகிறது. 2019 அக்டோபர் 25 அன்று அமெரிக்கா, ஹவானா தவிர்த்த கியூப நகரங்களுக்கான சேவையை நிறுத்துவதாக அறிவித்துக் கொடுத்த அவகாசம் 45 நாள். அந்தத் தடை 2022 ஜூன் வரை நீடித்தது. விமான நிறுவனங்கள் ஏறக்குறைய பதினோரு மாதம் முன்கூட்டியே டிக்கெட் விற்கின்றன. அங்கே பழுதாகி நிற்கும் விமானம், கிடங்கில் இருக்கும் பாகம், வங்கியில் கிடக்கும் பணம், விற்றுத் தீர்ந்த டிக்கெட் ஆகிய நான்குக்கும் சேவை நின்ற பிறகும் உரிமம் செல்லும் என்று இப்போதே எழுதுங்கள். பயணிகளைத் திருப்பி அழைத்துவர 90 நாள், விமானத்தையும் பாகங்களையும் வெளியே எடுக்க 180 நாள், பணத்துக்கு ஓராண்டு. அரசியல் எப்போது திரும்பும் என்று நீங்களும் சொல்ல முடியாது, நாங்களும் சொல்ல முடியாது. ஆகவே இந்த மூன்று எண்களும் சேவை உரிமத்தின் உடலிலேயே இருக்க வேண்டும், பின்னிணைப்பில் அல்ல. பின்னிணைப்பை ஒரு துறை மட்டும் மாற்றிவிடலாம்.

இரு நாடுகளிலும் இரவு பகல் எந்நேரமும் தொலைபேசியை எடுக்கிற, தன் கையெழுத்தால் ஒரு பெட்டியை விடுவிக்கிற அதிகாரம் உள்ள அலுவலர் யார் என்று அவருடைய பதவியைக் குறிப்பிட்டு, இந்த மடலுக்கான பதிலின் முதல் வரியில் எழுதுங்கள். மற்றவற்றை அவரோடு பேசிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
விமானப் பராமரிப்பு, இயக்கக் கட்டுப்பாடு, தரைப்பணித் துறைகளில் பணிபுரிவோர்